எட்டு வீட்டுக் கூரைக் கமிட்டி

அந்த வரிசையில் எட்டு வீடுகள். எட்டுக்கும் சேர்த்து ஒரே கூரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் போட்ட சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதைப் பழுது பார்ப்பதா, மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதா என்று முடிவு செய்ய ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி இதுவரை நாற்பத்தொரு தடவை கூடியிருக்கிறது. கூரை அப்படியே இருக்கிறது. கமிட்டியைத்தான் இரண்டு தடவை பழுது பார்த்து, ஒரு தடவை முழுதாக மாற்றியும் விட்டார்கள்.

இடையில் காற்றடித்து ஷீட் உடைந்தால் பாலே என்கிற கூரைக்காரர் வேனில் வந்து ஒட்டுப்போட்டுவிட்டுப் போவார். அதை யாரும் பழுது பார்ப்பது என்று சொல்லமாட்டார்கள். தற்காலிகம் என்பார்கள். டென்மார்க்கில் தற்காலிகமாகச் செய்ததுதான் அரை நூற்றாண்டு நிற்கும்.

மெரெட்டே அந்தக் கமிட்டியில் சேர்ந்தது மக்கள் சேவைக்காக அல்ல. ஆறாம் எண் வீடு அவளுடையது. விவாகரத்துக்குப் பிறகு தன் பெயரில் வாங்கிய முதல் பொருள், சைக்கிளைக் கணக்கில் சேர்க்காவிட்டால். மாடியில் இரண்டு அறை. ஒன்று அவளுக்கு, இன்னொன்று எட்டு வயது மகள் சில்கேவுக்கு. சில்கே ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்று வெள்ளிக்கு வெள்ளி மாறுகிற பிள்ளை. அந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவில் பார்த்தால் எல்லாப் பிள்ளைகள் முதுகிலும் பை, ஏதோ சின்னச் சின்ன விற்பனைப் பிரதிநிதிகள் போல.

நவம்பரில் சில்கேயின் கட்டிலுக்கு மேலே சீலிங்கில் காபிக் கோப்பை அளவுக்கு ஒரு கறை வந்தது. பிறகு தட்டு அளவு. கிறிஸ்துமஸுக்குள் கறுப்புப் பூஞ்சை பிடித்து, எது கறை, எது சீலிங் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆனது. பிள்ளை இருமத் தொடங்கினாள். மெரெட்டே அவளைத் தன் கட்டிலில் படுக்க வைத்துக்கொண்டாள்.

சில்கேயின் அப்பா யெஸ்பர் மாடி ஏறி வந்து பார்த்தான். அவன் இப்போது புது மனைவியோடு புது வீட்டில் இருக்கிறான். தரைக்கு அடியில் சூடு ஓடுகிற வீடு. கூரையைப் பற்றி அங்கே யாரும் பேசுவதே இல்லை.

"பூஞ்சைக்குக் கீழ பிள்ள படுக்கக் கூடாது, மெரெட்டே."

"அவ எங்கூடத்தான் படுக்கறா."

"எட்டு வயசு. அவளுக்குன்னு ஒரு ரூம் வேணும். சரியாகற வரைக்கும் எங்கூட இருக்கட்டும். நான் சண்டைக்கு வரல."

சண்டைக்கு வராதவர்கள் சொல்வதுதான் எப்போதும் நடக்கும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் சில்கே அப்பா வீட்டுக்குப் போனாள். ஜனவரியில் இன்னொன்றும் சொன்னான். ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அறை சரியாகவில்லையென்றால், சில்கேயின் அரசாங்கப் பதிவு முகவரியைத் தன் வீட்டுக்கு மாற்றிவிடுவோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனி ஞாயிறு அவள் அம்மாவிடம் வரலாம். அதாவது விருந்தாளி மாதிரி.

மெரெட்டே உடனே என்ன செய்திருக்க வேண்டும்? சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே ஏறியிருக்கலாம். ஆனால் கூரை பொதுச்சொத்து. தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் ஆஸ்பெஸ்டாஸில் வீட்டுக்காரர் ஒரு ஆணி அடிப்பதும் சட்டப்படி குற்றம். அதனால் அவள் ஒரு நல்ல குடிமகள் செய்வதைச் செய்தாள். கமிட்டியில் சேர்ந்தாள்.

கமிட்டி கூடுவது ஐந்தாம் எண் வீட்டில், தலைவர் ஐனர் வீட்டில். ஐனருக்கு எழுபத்தேழு வயது. கப்பலில் இயந்திரம் பார்த்தவர். இந்த வரிசை கட்டிய வருடமே குடிவந்தவர். பழுது பார்த்தால் போதும் என்ற கட்சிக்கு அவர்தான் தலைவர், தொண்டரும் அவரே. எதிர்க்கட்சி, இரண்டாம் எண் வீட்டு டோர்கில். பாலம் கட்டுகிற பொறியாளர். மாற்றியே ஆகவேண்டும் என்பவர், ஆனால் எதைக் கொண்டு மாற்றுவது என்பதில் ஒவ்வொரு மீட்டிங்கிலும் தானே தன்னோடு ஒத்துப்போக மாட்டார். போன மாதம் கறுப்பு ஓடு, இந்த மாதம் துத்தநாகத் தகடு, அடுத்த மாதம் சூரிய மின்சாரம் எடுக்கிற ஓடு. நடுவில் எட்டாம் எண் குன்வோர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. மினிட்ஸ் எழுதுவது அவர். கேக் கொண்டுவருவதும் பெரும்பாலும் அவர்.

கேக் முடியும்வரை கூரையைப் பற்றிப் பேசக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த விதிகளை மீறினாலும் மீறுவார்கள், இதை மீற மாட்டார்கள். மெரெட்டே தன் முதல் மீட்டிங்கில் வாயில் கேக்கோடு, "பாலே என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டாள். மூன்று முகமும் அவளை அப்படிப் பார்த்தன, யாரோ சாப்பாட்டு மேசையில் காலைத் தூக்கி வைத்ததுபோல.

கேக் முடிந்தது. பாலே கூரையைப் பார்த்துவிட்டு அனுப்பிய கடிதத்தை ஐனர் எடுத்தார்.

"பாலே மேல ஏறிப் பாத்திருக்காரு. ஒரே வரிதான் எழுதியிருக்காரு. 'கூரை முழுசா நல்லாருக்குன்னு சொல்ல முடியாது.'" கடிதத்தை மடித்து வைத்தார். "பாத்தீங்களா? மோசம்னு அவரே சொல்லல."

மேற்கு டென்மார்க்கில் இருக்கும் யூட்லாண்ட்காரன் ஒருவன் தன் கால் துண்டாகிக் கிடக்கும்போது 'கொஞ்சம் எரியுது' என்பான். பாலே யூட்லாண்ட்காரர். அவர் வாயிலிருந்து 'முழுசா நல்லாருக்குன்னு சொல்ல முடியாது' என்று வந்தால், பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும். இது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அதே யூட்லாண்டில் பிறந்த ஐனருக்கும் தெரியும்.

"ஐனர், அவரு அப்படிச் சொன்னா கூரை செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றார் டோர்கில்.

"எழுத்துல என்ன இருக்கோ அதத்தான் நான் படிக்க முடியும், தம்பி."

"இப்ப மாத்தினா அம்பது வருஷம் கேரண்டி. அம்பது வருஷம்."

"எனக்கெதுக்கய்யா அம்பது? எனக்கு எழுபத்தேழு. எனக்கு இன்னும் பத்து போதும். கூரைக்கும் பத்து வருஷம் ஒட்டுப்போட்டா ஓடும். ரெண்டு பேரும் ஒண்ணா போய்ச் சேந்துடறோம். அப்புறம் நீ தங்கத் தகடே போட்டுக்க."

"என் பொண்ணு ரூம்ல தண்ணி சொட்டுது" என்றாள் மெரெட்டே.

"சொட்டும்" என்றார் ஐனர், ஏதோ ரயில் நேரம் சொல்வது மாதிரி. "பாலே வந்து ஒட்டிடுவாரு."

"மூணு தடவ ஒட்டியாச்சு."

"நாலாவது தடவ நிக்கும்."

குன்வோர் பேனாவை நிறுத்தினார். "இத எப்படி எழுதறது? 'கூரை பற்றிப் பயனுள்ள கருத்துகள் பரிமாறப்பட்டன' போதுமா?"

போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். நாற்பத்தொரு மினிட்ஸிலும் அதே வரிதான் இருந்தது.

மார்ச்சில் எட்டு வீட்டுக்காரர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். முடிவு எடுக்கிற அதிகாரம் அந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான். தீர்மானம் முன்வைக்க விரும்புகிறவர் பிப்ரவரி முதல் தேதி மதியத்துக்குள் எழுத்தில் தரவேண்டும். மெரெட்டே ஜனவரியிலேயே கொடுத்துவிட்டாள். 'கூரையை மாற்றுவது' என்று இரண்டே சொல். நிகழ்ச்சி நிரலில் ஆறாவது இடம் கிடைத்தது.

பொது அறையில் எட்டு வீட்டுக்காரர்களும் கூடினார்கள். கூட்டத்தை நடத்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம், டோர்கிலைத் தேர்ந்தெடுத்தார்கள். மாற்றவேண்டும் என்று சொல்கிறவரே நடத்துகிறாரே என்று மெரெட்டேவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மனிதர்களை அவள் அந்த அளவுக்குத்தான் புரிந்துவைத்திருந்தாள்.

ஆறாவது அம்சம் இரண்டு மணி நேரம் ஓடியது. மாற்றுவதென்றால் என்ன நிறம் என்று மூன்றாம் எண்காரர் கேட்டார். நிறம் தெரியாமல் எப்படி ஓட்டுப் போடுவது என்றார் நான்காம் எண்காரர். பழுது பார்ப்பதும் ஒரு வகையில் மாற்றம்தானே என்றார் ஐனர். கறுப்பு ஓட்டில் குருவி கூடு கட்டாது என்று ஒருவரும், கட்டும் என்று இன்னொருவரும் சொன்னார்கள். இருவரும் பறவைகளை நேசிப்பவர்கள், அதனால் இருபது நிமிடம். கடைசியில் கமிட்டிக்குக் கூடுதலாக இருவரைச் சேர்த்து நிறம் பற்றி ஆராய்வது என்று ஏகமனதாக முடிவானது. மெரெட்டேவின் தீர்மானம் அடுத்த வருடத்துக்குத் தள்ளப்பட்டது.

ஏழு, எட்டு அம்சங்கள் ஐந்து நிமிடத்தில் போயின. ஒன்பதாவது, 'இதர விஷயங்கள்'. அந்த நேரத்தில்தான் பியர் வரும். நாற்காலிகள் கலையும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம். யாரோ சைக்கிள் ஷெட்டில் கிடக்கும் ஒற்றைக் கையுறையைப் பற்றிக் கேட்டார்கள்.

மெரெட்டே எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"எனக்கு ஒண்ணு சொல்லணும். சில்கே டிசம்பர்லருந்து எங்கூட இல்ல. ரூம்ல பூஞ்சை. இருமறா. அவங்கப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு. ஆகஸ்டுக்குள்ள சரியாகலன்னா அவ அங்கயே இருந்துடுவா. அவ்வளவுதான்."

அந்த நாட்டில் கூட்டத்தில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். சொந்தக் கவலையைப் பொது அறையில் இறக்கி வைப்பது உள்ளாடையைப் பொதுக் கொடியில் காயப்போடுவது மாதிரி. எல்லாரும் பியர் பாட்டிலின் லேபிளைப் படித்தார்கள்.

"ஏன் கண்ணு மொதல்லயே சொல்லல?" என்றார் குன்வோர்.

"கமிட்டியில சொன்னேன். நீங்கதான் எழுதினீங்க."

"தண்ணி சொட்டுதுன்னு சொன்ன. பிள்ள போயிடுச்சுன்னு சொல்லலயே."

மூன்றாம் எண்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்கு எந்த நிறமா இருந்தாலும் பரவால்ல. மாத்திடலாம்." கையைத் தூக்கினார். நான்காம் எண் கையும் மேலே போனது. பிறகு ஏழாம் எண், முதல் எண், டோர்கில், மெரெட்டே. குன்வோர் பேனாவோடு சேர்த்துக் கையைத் தூக்கினார். கடைசியாக ஒரு கை மட்டும் பாக்கி. ஐனர் பியரைக் கீழே வைத்தார், உதட்டைத் துடைத்தார், மெரெட்டேவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

எட்டு வீடு, எட்டுக் கை. ஆறு வருடத்தில் முதல் தடவை.

டோர்கில் இன்னும் கூட்டத்தை நடத்துகிறவர். அவர் முகம் வாடிப்போயிருந்தது. இந்த நாளுக்காக ஆறு வருடம் காத்திருந்தவர் அவர்தான்.

"மன்னிக்கணும்" என்றார். "நாம ஒம்பதாவது அம்சத்துல இருக்கோம்."

கைகள் மேலேயே நின்றன.

"இதர விஷயங்கள்ல முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. விதி. இது செல்லாது."

இன்னொரு நாட்டில் அந்த நேரம் நாற்காலி பறந்திருக்கும். இங்கே எட்டுக் கைகளும் மெல்லக் கீழே இறங்கின. "ஆமால்ல" என்றார் மூன்றாம் எண்காரர். "அது சரிதான்" என்றார் இன்னொருவர். ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். தவறு நடக்கவிருந்தது, நல்லவேளை டோர்கில் கவனித்துவிட்டார் என்ற நிம்மதிகூட இருந்தது.

மெரெட்டே உட்கார்ந்தாள். டோர்கில் சொன்னது அவளுக்கும் சரியாகவே பட்டது. அதுதான் கொடுமை. ஒன்பதாவது அம்சத்தில் முடிவெடுக்கக் கூடாது என்பதை அவள் அம்மாவின் பாலோடு குடித்திருந்தாள்.

வழி இல்லாமல் இல்லை. விதிப்படி சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டலாம். அப்போதே எல்லாரும் காலண்டரை எடுத்தார்கள். ஏப்ரலில் ஈஸ்டர். மே மாதம் முழுக்க யார் வீட்டிலாவது பிள்ளைகளுக்கு தேவாலயத்தில் உறுதிப்பூசுதல், அதற்கு விருந்து. ஒருவருக்கு சனிக்கிழமை ஒத்துவராது, இன்னொருவருக்கு புதன்கிழமை சேர்ந்திசைப் பயிற்சி. எட்டு வீட்டுக்கும் ஒத்துவந்த முதல் நாள் ஜூன் பத்தொன்பது.

"சீக்கிரமே கெடச்சிருச்சு" என்றார் குன்வோர். அவர் கிண்டல் செய்யவில்லை.

மெரெட்டே யெஸ்பருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"ஒம்பதாவது அம்சத்துலயா?" என்றான்.

"ஆமா."

"அப்ப செல்லாதுதான்." அவனும் அதே பாலைக் குடித்தவன்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி சிறப்புக் கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கியது. ஏழு நாலுக்குத் தீர்மானம் நிறைவேறியது. பழுது பார்ப்பதில்லை, மாற்றுவது. எட்டுக்கு எட்டு. ஆறு வருடம் பேசியது நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டதால் எல்லாருக்கும் கொஞ்சம் ஏமாற்றம். மீதி நேரத்தை நிரப்பவேண்டுமே. டோர்கில் எழுந்தார்.

"இதுக்கப்புறம் யாரும் மனசு மாறக் கூடாது. அதனால ஒரு வரி சேக்கலாம். 'பழைய கூரையில் இனி எந்தப் பழுதுபார்ப்பும் செய்யப்படாது.'"

சொல்லும்போது ஐனரைப் பார்த்தார். ஐனர் தோளைக் குலுக்கினார். அந்த வரியும் எட்டுக்கு எட்டு. மெரெட்டேவும் கையைத் தூக்கினாள். ரொம்ப உறுதியான வரி, அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையிலேயே பாலேவைக் கூப்பிட்டாள்.

"முடிவாயிடுச்சு, பாலே. மாத்தறோம். எப்ப வருவீங்க?"

"நல்லதுங்க." தாள் புரளும் சத்தம். "ஆஸ்பெஸ்டாஸ் கழட்டறதுக்கு வெள்ளை உடுப்புப் போட்டு வர்ற ஆளுங்க வேணும். அவங்க ஜூலை முழுக்க லீவு. அப்புறம் ரெண்டு ஸ்கூல், ஒரு பன்னிப் பண்ணை. ஏப்ரல்ல வர்றேன்."

"அடுத்த ஏப்ரலா?"

"போன ஏப்ரல்ல வர முடியாதுங்களே."

"சரி, அது வரைக்கும் எங்க வீட்டுக்கு மேல மட்டும் ஒரு ஒட்டுப்போட்டுடுங்க. இல்லன்னா தார்ப்பாயாவது கட்டிடுங்க."

பாலே மறுபடி தாளைப் புரட்டினார். "உங்க மினிட்ஸ் ராத்திரியே எனக்கு அனுப்பியிருக்காங்க. இனி எந்தப் பழுதுபார்ப்பும் கிடையாதுன்னு போட்டிருக்கு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் ஏறினா உங்க சங்கம் எம்மேல கேஸ் போடலாம்."

"யாரும் போட மாட்டாங்க."

"போட மாட்டாங்கதான். இருந்தாலும் எழுத்துல இருக்கு."

மெரெட்டே போனை வைத்துவிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஆறு வருடமாகக் கூரையை மாற்றவில்லை, ஆனால் ஒட்டாவது போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது முடிவு எடுத்தாயிற்று, அதனால் ஒட்டும் கிடையாது. அந்த முடிவை எடுக்க வைத்தவள் அவள்தான். மேலே சில்கேயின் அறையில் வைத்திருந்த பாத்திரத்தில் மழைத்தண்ணீர் சொட்டுவது படிக்கட்டு வழியாகக் கேட்டது. பள்ளிக்கூடம் திறக்க ஏழு வாரம்.

அந்த ஏழில் ஐந்து வாரம் விடுமுறையில் போனது. நாடே கோடை வீட்டுக்குப் போய்விட்டது. சில்கே அப்பாவோடும் அந்தப் புது அம்மாவோடும் ஸ்பெயினில் இருந்தாள். 'இங்க மழையே இல்லம்மா' என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். மெரெட்டே ஒரு நாளைக்கு நாலு தடவை அதைத் திறந்து படித்தாள்.

ஜூலைக் கடைசியில் ஒரு சாயங்காலம் போனில் ஐனரிடமிருந்து செய்தி. 'இருபது நிமிடம் கழித்து வரலாமா?' ஐனர் பக்கத்து வீடு. இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு செடித்தொட்டிதான். ஆனாலும் சொல்லாமல் வந்து கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டில் யாரோ செத்திருக்கவேண்டும், அல்லது வீடு எரியவேண்டும். 'வாங்க' என்று பதில் போட்டாள். சரியாக இருபதாவது நிமிடம் மணி அடித்தது.

ஐனர் உட்காரவில்லை. நடுவே நின்று அறையை அளப்பதுபோலப் பார்த்தார்.

"நீ நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற சுவர் மெல்லிசு. தெரியுமில்ல? உன் பொண்ணு குழல் வாசிப்பா. மூணு வருஷமா ஒரே பாட்டு. மூணு வருஷமா அதே எடத்துல தப்புப் பண்ணுவா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டே அந்தத் தப்புக்காகக் காத்துக்கிட்டிருப்பேன், வந்துச்சுன்னா பல்லைக் கடிப்பேன்."

"தொந்தரவா இருந்திருக்கும். மன்னிச்சுக்கங்க."

"கொடுமையாத்தான் இருந்துச்சு." அவர் ஜன்னல் பக்கம் போனார். "இப்ப இல்ல. ஏழு மாசமா அமைதியா பேப்பர் படிக்கிறேன். பேப்பர்ல ஒண்ணுமே இல்ல."

மெரெட்டே அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மார்ச்ல கை தூக்கினனே, பாத்தியா? எனக்கு அப்பவும் அம்பது வருஷக் கூரை வேண்டாம். இப்பவும் வேண்டாம். சரி, விடு." பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். சங்க விதிகள். "ஆறு வருஷம் அந்த டோர்கிலையும், அப்புறம் உன்னையும் இத வச்சுத்தான் தடுத்தேன். வரி வரியா மனப்பாடம். நாலாவது விதி. 'கூரை பொதுச்சொத்து. சீலிங்கும் அதற்குக் கீழே உள்ள யாவும் அந்தந்த வீட்டுக்காரருக்குச் சொந்தம்.' புரியுதா?"

"இல்ல."

"கூரையத் தொட ஓட்டெடுப்பு வேணும். அதுக்குக் கீழ நீ யானை வளத்தாலும் கேக்க ஆளில்ல." ஜன்னலிலிருந்து மாடிப்படி வரைக்கும் கையால் ஒரு கோடு இழுத்தார். "இங்க ஒரு சுவர் வச்சா, கீழயே பொண்ணுக்கு ஒரு ரூம். கீழ்த்தளம், சொட்டு வராது. மேல ரூம அடைச்சு சீல் வச்சிடு, ஏப்ரல் வரைக்கும்."

"எனக்குச் சுவர் கட்டத் தெரியாது, ஐனர். ஆளும் கெடைக்க மாட்டான். எல்லாரும் லீவு."

"ஆளு எதுக்கு? வர்ற சனிக்கிழமை பொது வேலை நாளு."

வருடத்துக்கு இரண்டு தடவை எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து வேலை செய்கிற நாள் அது. களை பிடுங்குவார்கள், வேலிக்குப் பெயின்ட் அடிப்பார்கள், காலை பத்து மணிக்கே பியர் திறப்பார்கள். அந்த நாளின் அழகு என்னவென்றால், அதற்கு நிகழ்ச்சி நிரல் கிடையாது. நிரல் இல்லாத இடத்தில் ஒன்பதாவது அம்சமும் கிடையாது.

சனிக்கிழமை காலை மெரெட்டே கதவைத் திறந்தபோது வாசலில் பதினோரு பேர் வேலை உடுப்பில் நின்றார்கள். ஐனர் கையில் ரம்பம். டோர்கில் கையில் லேசர் அளவுகோல், கூடவே கணினியில் வரைந்த படம் மூன்று பிரதி. நான்காம் எண்காரர் ஜிப்சம் போர்டை வண்டியில் இழுத்து வந்திருந்தார். பாலேயும் வந்திருந்தார், ரப்பர் செருப்போடு.

"நீங்களா?" என்றாள் மெரெட்டே.

"லீவுலதாங்க இருக்கேன். கூரைப் பக்கம் தலைகூடத் தூக்கிப் பாக்க மாட்டேன்."

சோஃபா தெருவுக்குப் போனது. சாப்பாட்டு மேசை ஐனர் வீட்டுக்குப் போனது. பழக்கம் விடுமா, சண்டை தொடங்கியது.

"சுவர் ஜன்னல் சட்டத்துக்கு நேரா வரணும்" என்றார் டோர்கில். "அப்பதான் அழகு."

"அழகு பாத்தா பொண்ணு கட்டிலு உள்ள போகாது. பத்து சென்டிமீட்டர் இந்தப் பக்கம் தள்ளு."

"ஐனர், படத்துல எட்டு தள்ளத்தான் எடம் இருக்கு."

"படத்துல நீ படுத்துக்க. கட்டில்ல அவ படுக்கட்டும்."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு இதைப் பிடிங்க" என்றார் குன்வோர். அவர் ஒற்றை ஆளாக ஒரு போர்டைத் தலையில் தாங்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்த குரல். இருவரும் பிடித்தார்கள்.

கடைசியில் ஒன்பது சென்டிமீட்டர் தள்ளினார்கள். சுவர் மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்று லேசாகச் சாய்ந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லாருமே பார்க்காததுபோல நடந்தார்கள். மதியம் தெருவில் கிடந்த சோஃபாவில் உட்கார்ந்து சாசேஜ் தின்றார்கள். மாலைக்குள் கதவு மாட்டியாயிற்று. மாடி அறையை பாலே பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி அடைத்தார். குன்வோர் வீட்டுக்குக் கிளம்பும்போது மெரெட்டே கேட்டாள்.

"இத மினிட்ஸ்ல எப்படி எழுதுவீங்க?"

"எத?" என்றார் குன்வோர். "களை புடுங்கினோம்."

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யெஸ்பர் சில்கேயைக் கூட்டிக்கொண்டு வந்தான். பார்த்துவிட்டுத் திரும்பக் கூட்டிப்போகத்தான் வந்தான் என்பது அவன் சில்கேயின் பையைக் கையை விட்டு இறக்காததிலிருந்தே தெரிந்தது. சில்கே ஸ்பெயின் வெயிலில் கறுத்திருந்தாள், ஒரு விரல் உயரமும் கூடியிருந்தாள். மெரெட்டே அவளை இறுக்கிப் பிடித்ததில் அந்த ஒரு விரலை உணர்ந்தாள்.

யெஸ்பர் புது அறைக்குள் போனான். போனில் விளக்கைப் போட்டு மூலை மூலையாகப் பார்த்தான். முட்டியை மடக்கிச் சுவரைத் தட்டினான். மோந்து பார்த்தான். மெரெட்டே வாசலில் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நீ சாப்பிடற எடம்ல்ல?"

"ஆமா, இருந்துச்சு."

"அப்ப நீ எங்க சாப்பிடுவ?"

"அடுப்புகிட்ட. நின்னுக்கிட்டு."

"கூரை?"

"மாத்தப் போறோம். ஏப்ரல்ல. எழுத்துல இருக்கு."

"சுவர் சாஞ்சிருக்கே."

"சாஞ்சிருக்கு. ஈரம் இல்ல."

அவன் மறுபடியும் சுவரைத் தட்டினான். சொல்ல எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. அதற்குள் சில்கே அவனைத் தாண்டி உள்ளே போய், கதவைச் சாத்தினாள். திறந்தாள். தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கட்டிலின் காலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?" என்றான் யெஸ்பர்.

"ஜன்னல் பக்கம் போடணும். இப்படி இருந்தா தெருவே தெரியல. அம்மா, அந்தப் பக்கம் பிடி. அப்பா, நீ நிக்கற எடத்துலதான் கட்டிலு வரணும், கொஞ்சம் நகரு."

யெஸ்பர் நகர்ந்தான். அறை சின்னது. நகர்ந்தால் வெளியேதான் நிற்கமுடியும். வெளியே நின்றவன் கையிலிருந்த பையை ஒரு தடவை பார்த்தான், பிறகு அதைக் கதவுக்கு உள்ளே, சுவரோரமாக வைத்தான்.

"அப்ப, அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கிறேன்" என்றான்.

விருந்தாளிக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. மெரெட்டே காத்திருந்தாள், திருத்துவானோ என்று. திருத்தவில்லை.

"வெள்ளிக்கிழமை மூணு மணி" என்றாள்.

"மூணு மணி."

"அம்மா, பிடிக்கறியா இல்லியா?" என்றாள் சில்கே உள்ளேயிருந்து. மெரெட்டே போய்க் கட்டிலின் மறுபக்கத்தைத் தூக்கினாள்.